வான்கோழியின் எடை

மாசசூசெட்ஸுக்கு வந்து ஐந்து மாதம். பார்வையற்ற, குறைபார்வை உள்ள குடியேறிகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் மாலை வகுப்பில் தன்னார்வலராகச் சேர்ந்து இரண்டே மாதம். அதற்குள் நவம்பர் பாடத்தை உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். "தேங்க்ஸ்கிவிங் என்றால் என்னவென்று எனக்கே சரியாகத் தெரியாது. கொடுத்திருக்கும் பாடக்கட்டு முழுக்கப் படங்கள். படம் பார்க்க முடியாதவர்களுக்கு இதை எப்படிச் சொல்வது அக்கா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதே போன்ற வகுப்பில் பதினோரு வருடமாக இருக்கிறேன். அக்கா என்று அழைத்துவிட்டீர்கள், அந்த உரிமையில் சொல்கிறேன்: அந்தப் படக்கட்டை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுங்கள். படம் இல்லாததை ஒரு குறையாக நினைக்கிறீர்கள். தேங்க்ஸ்கிவிங் என்பது அமெரிக்கர்கள் நவம்பரில் கூடி உண்ணும் நன்றி விருந்து. 1621இல் இங்கே குடியேறிய ஆங்கிலேயரும் பூர்வகுடி மக்களும் சேர்ந்து உண்ட விருந்தை அதன் தொடக்கமாகச் சொல்வார்கள். இந்தப் பண்டிகையில் படங்கள்தான் வினையே. கறுப்புத் தொப்பியில் பளபளக்கும் கொக்கி, நீண்ட மேசை நிறைய வெள்ளையர்கள், ஓரத்தில் இறகு சூடிய நாலைந்து பேர், நடுவில் பொன்னிறமாக வெந்த வான்கோழி. தொப்பிக் கொக்கி பிற்கால ஓவியர்களின் கைச்சரக்கு. அன்றைய விருந்தில் வான்கோழி இருந்தது என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. ஆட்களின் கணக்கோ தலைகீழ். இங்கே பள்ளியில் படித்த பிள்ளைகளின் மனத்திலிருந்து இவற்றை அழிக்கவே பாதி நேரம் போய்விடும். உங்கள் மாணவர்களிடம் அழிக்க ஒன்றுமில்லை.

முதல் வருடம் நான் அடித்த கூத்தைக் கேளுங்கள். உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் வான்கோழி ஒன்றை வாங்கிக்கொண்டு போனேன். அது வரிசையாகக் கைமாறியது. பிறவியிலேயே பார்வை இல்லாத ஒரு சோமாலியப் பெண் அதைப் பொறுமையாகத் தடவிப் பார்த்துவிட்டு, "இந்தப் புறாவை எத்தனை பேர் பங்கு போடுவார்கள்?" என்றார். பார்க்கிறவருக்குப் பொம்மை என்பது பெரிய ஒன்றின் அடையாளம். தொடுகிறவருக்குக் கையில் இருக்கும் அளவுதான் அளவு. அடுத்த வருடம், உறையவைத்த 14 பவுண்டு வான்கோழியையே தூக்கிச் சென்றேன். ஆறு கிலோவுக்கு மேல். கனத்த துண்டில் சுற்றி ஒவ்வொருவர் மடியிலும் வைத்தேன். ஹெய்தி நாட்டுப் பெரியவர் ஒருவர் அதை இரு கையாலும் ஏந்தி, கைக்குழந்தையைத் தாலாட்டுவது போல ஆட்டினார். அறை சிரிப்பில் அதிர்ந்தது. அதற்குப் பிறகு வான்கோழி எவ்வளவு பெரியது என்று யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அந்தப் பெரியவரின் மொழியில் இதற்குக் கோடென் என்று பெயர். பிரெஞ்சில் 'இந்தியச் சேவல்' என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. துருக்கியர்கள் இதை ஹிந்தி என்கிறார்கள். ஆங்கிலேயர் 'டர்க்கி' என்று சொல்லித் துருக்கியின் மேல் பழியைப் போட்டார்கள், துருக்கியர் நம் மேல் போட்டார்கள். பறவையோ அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்தது. தமிழில் நாம்தான் எந்த நாட்டையும் இழுக்காமல் வானத்தோடு நிறுத்திக்கொண்டோம். குடியேறிகள் நிறைந்த அறையில் இந்தக் கதை எடுபடாமல் போனதே இல்லை.

கையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மாணவரின் கையைப் பிடித்து இழுத்துப் பொருளின்மேல் வைக்காதீர்கள். நல்லெண்ணத்தில்தான் செய்வோம், அவருக்கோ அது எங்கே போகிறோம் என்று சொல்லாமல் ஆளை வண்டியில் ஏற்றுவது போல. உங்கள் கையைப் பொருளின்மேல் வைத்து, அவர் கையை உங்கள் கைமேல் வைக்கச் சொல்லுங்கள். பிறகு உங்கள் கையை மெல்ல உருவிக்கொள்ளலாம். குளிர்ந்திருக்கும், ஈரமாக இருக்கும், இறைச்சி என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சைவர்கள் இருக்கலாம், ஹலால் பார்ப்பவர்கள் இருக்கலாம். வேண்டாம் என்பவருக்குச் சோளக்கதிர் இருக்கவே இருக்கிறது. காய்ந்த கதிரிலிருந்து மணிகளைக் கட்டைவிரலால் உதிர்ப்பதை, எந்த நாட்டிலிருந்து வந்தவருக்கும் நான் கற்றுக்கொடுக்க நேர்ந்ததில்லை.

எனக்குப் பிடித்தது கிரான்பெர்ரி என்ற சின்னச் சிவப்புப் பழம். மாசசூசெட்ஸ் அதற்குப் பேர்போன மாநிலம். பழத்துக்குள் நான்கு காற்றறைகள் இருப்பதால் தண்ணீரில் மிதக்கும். அறுவடைக் காலத்தில் வயலில் நீரைக் கட்டுவது அதற்குத்தான். நல்ல பழம் மேசையில் போட்டால் துள்ளும், அழுகியது சொத்தென்று விழும். ஆளுக்குப் பத்துப் பழம் கொடுத்து, காதாலேயே தரம் பிரிக்கச் சொல்லுங்கள். பிறகு ஒன்றைக் குறுக்கே வெட்டி, விரல் நுனியால் நான்கு அறைகளைத் தேடட்டும். ஒன்றைக் கடிக்கச் சொன்னால் அவரவர் தாய்மொழியில் புளிப்புக்கு என்ன சொல் என்பது தானாகவே வெளியே வரும். பார்வையுள்ள பிள்ளைகளுக்கு இவ்வளவு விஷயமுள்ள பாடம் கிடைப்பதில்லை. அவர்கள் சிவப்பு வண்ணம் தீட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

இனி வரலாறு. இதற்குக் கொண்டைக்கடலை போதும்.

ஒரு கிண்ணத்தில் 102 கடலை. 1620இல் இங்கிலாந்திலிருந்து மேஃப்ளவர் கப்பலில் வந்த பயணிகள் அத்தனை பேர். எல்லாரும் கையை விட்டு அளைந்து பார்க்கட்டும். பிறகு கிண்ணத்தைச் சுற்றவிட்டு, ஆளுக்குக் கொஞ்சமாக மொத்தத்தில் பாதியை எடுக்கச் சொல்லுங்கள். முதல் குளிர்காலத்தில் இறந்தவர்கள் ஏறக்குறைய அவ்வளவு பேர். மறுபடி கையை விட்டால் விரல் கிண்ணத்தின் அடியைத் தொடும். அந்த நேரத்தில் நீங்கள் பேசாமல் இருங்கள். அகதி முகாம்களில் இருந்துவிட்டு வந்தவர்கள் உங்கள் வகுப்பில் இருந்தால், அவர்கள் கை கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கும்.

அடுத்து இரண்டாவது கிண்ணம்: 90 கடலை. 1621 இலையுதிர்காலத்தில் மசசோயிட் என்ற தலைவரோடு விருந்துக்கு வந்த, இந்த மண்ணின் பூர்வகுடிகளான வாம்பனோவாக் ஆண்கள். எட்வர்ட் வின்ஸ்லோ என்ற குடியேறி எழுதிய கடிதத்தில் இந்தக் கணக்கு இருக்கிறது. மூன்று நாள் விருந்து, வந்தவர்கள் வேட்டையாடிக் கொடுத்த ஐந்து மான்கள், காட்டுப் பறவைகள். இரண்டு கிண்ணத்தையும் இரு கையில் தூக்கச் சொல்லி, எது கனம் என்று கேளுங்கள்.

பூட்டானிலிருந்து விரட்டப்பட்டு நேபாள முகாமில் பல ஆண்டு இருந்த ஒரு பாட்டி, இரண்டையும் மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "விருந்தாளிகள்தான் அதிகமா? அப்படியென்றால் வீடு யாருடையது?"

படம் பார்த்து வளர்ந்த எவரும் என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. அவர்களுக்காக ஓவியர் முன்கூட்டியே பதில் வரைந்து வைத்துவிட்டார். பாட்டிக்குப் பதில் சொல்ல டிஸ்குவான்டம் என்ற பூர்வகுடி மனிதரின் கதைக்குப் போக வேண்டியிருந்தது. 1614இல் ஓர் ஆங்கிலக் கப்பல் தலைவன் அவரைப் பிடித்து, அடிமையாக விற்க ஸ்பெயினுக்குக் கொண்டுபோனான். அவர் அங்கிருந்து இங்கிலாந்து சேர்ந்து, நம் மாணவர்களைப் போலவே வேறு வழியில்லாமல் ஆங்கிலம் கற்று, 1619இல் ஊர் திரும்பினார். ஊர் இல்லை. ஐரோப்பியர் கொண்டுவந்த கொள்ளைநோயில் பட்டுக்ஸெட் என்ற அவருடைய கிராமமே அழிந்துபோயிருந்தது. குடியேறிகள் பிளிமத் என்று பெயரிட்டுக் குடிசை போட்டது அந்த மண்ணில்தான். அவர்களுக்குச் சோளம் விதைக்கக் கற்றுக்கொடுத்தவரும் அவரே. 1970 முதல் ஒவ்வொரு தேங்க்ஸ்கிவிங் அன்றும் பிளிமத்தில், கோல்ஸ் ஹில் என்ற மேட்டில் பூர்வகுடி மக்கள் கூடித் துக்க நாள் அனுசரிக்கிறார்கள். இதையும் சொல்லுங்கள். பண்டிகையைக் கெடுக்கிறோமோ என்று பயப்பட வேண்டாம். நாடிழந்தவர்களுக்கு இந்தப் பகுதிதான் உடனே புரிகிறது.

மீதி வரலாற்றை ஓட்டமாகச் சொல்லிவிடலாம். சாரா ஜோசஃபா ஹேல் என்ற பத்திரிகை ஆசிரியை இதை நாடு முழுவதற்குமான பண்டிகையாக்கச் சொல்லி வருடக்கணக்கில் விடாமல் எழுதிக் கேட்டார். 1863இல், உள்நாட்டுப் போரின் நடுவே, அதிபர் லிங்கன் நவம்பரின் கடைசி வியாழனை அதற்கான நாளாக அறிவித்தார். 1941இல் சட்டம் அதை நான்காவது வியாழனாக்கியது. குடியுரிமைத் தேர்வில் தேசிய விடுமுறைகளின் பெயரைக் கேட்பார்கள் என்பதால் பெயரும் நாளும் நாக்கில் இருக்க வேண்டும்.

பெயரை எழுதுவது தனி விளையாட்டு. ஆங்கிலத்தில் தேங்க்ஸ்கிவிங் பன்னிரண்டு எழுத்து. விரலால் தடவிப் படிக்கும் பிரெயிலில் ஓர் எழுத்துக்கு ஆறு புள்ளிகள் கொண்ட ஒரு கட்டம். அதன் சுருக்க வடிவில் முதலிரண்டு எழுத்து ஒரு கட்டமாகவும், கடைசி மூன்று இன்னொரு கட்டமாகவும் சுருங்கும். பெரிய எழுத்துக் குறியைச் சேர்த்தாலும் பத்தே கட்டம். தமிழ் பிரெயில் அறிந்த மாணவர் வந்தால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. நம் 'க'வுக்கும் ஆங்கில 'கே'வுக்கும் அதே 1, 3 புள்ளிகள்தான். ம, ப, ர, ல எல்லாம் அப்படியே. அரபு பிரெயில் படித்தவரும் திணற மாட்டார், ஏனென்றால் அதுவும் இடமிருந்து வலமாகத்தான் ஓடும். ஆனால் சர்க்கரை நோயால் ஐம்பது வயதில் பார்வை போனவருக்குப் பிரெயிலே தெரியாமல் இருக்கலாம். அவர் கையில் தாளைத் திணிக்காதீர்கள், ஒலிப்பதிவு கொடுங்கள். வாட்டர்டவுனில் உள்ள பெர்கின்ஸ் நூலகத்தில் பதிந்துகொண்டால் ஒலி நூல்கள் இலவசமாக வீடு தேடி வரும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, உண்மையில் மாணவர்களுக்குத் தேவைப்படுவது வேறு: சாப்பாட்டு மேசை. யாராவது ஒரு பக்கத்து வீட்டுக்காரர் அவர்களை விருந்துக்கு அழைப்பார். அங்கே பரிமாற ஆள் இருக்காது. கனமான, சூடான பாத்திரங்கள் கைமாறிக்கொண்டே வரும். எடுத்துக்கொண்டு அடுத்தவருக்குத் தள்ள வேண்டும். பார்வையற்ற விருந்தாளிக்கு இது பரீட்சை. வகுப்பில் வெறும் பாத்திரங்களை வைத்துப் பழக்குங்கள். என்ன பாத்திரம் என்று கேட்பது, கரண்டிக் காம்பு எந்தப் பக்கம் என்று கேட்பது, "நீங்களே கொஞ்சம் வையுங்கள்" என்று கூச்சமில்லாமல் சொல்வது. தட்டைக் கடிகார முகமாக நினைத்துக்கொள்வது இங்கே வழக்கம்: இறைச்சி ஆறு மணியில், உருளைக்கிழங்கு மசியல் இரண்டு மணியில், கிரான்பெர்ரி பத்து மணியில். நமக்கு இது புதிதல்ல. வாழையிலையின் நுனி இடப்பக்கம், உப்பும் ஊறுகாயும் அந்த ஓரத்தில் என்பது கண்ணை மூடிக்கொண்டாலும் கைக்குத் தெரியும் அல்லவா, அதே சங்கதிதான். குறைபார்வை உள்ளவர்களுக்கு வெள்ளைத் தட்டில் வெள்ளை மசியல் கண்ணுக்குத் தப்பிவிடும். கருநீலத் தட்டு ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டே போகிற மாணவி ஒருவர் என் வகுப்பில் உண்டு.

சாப்பிடும் முன் சில வீடுகளில் ஒவ்வொருவரும் எதற்கு நன்றி சொல்கிறோம் என்று ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். இதைப் பயிற்சியாகக் கொடுங்கள், ஆனால் கட்டாயப்படுத்தாதீர்கள். பார்வையற்ற குடியேறியிடம் ஊரே நன்றியை எதிர்பார்க்கிறது. நாடு இடம் கொடுத்ததற்கு ஒன்று, சாலையைக் கடக்கக் கைகொடுத்ததற்கு ஒன்று. கேட்டுக் கேட்டு அவர்களுக்கு அலுத்துப்போயிருக்கும். "நான் அடுத்தவருக்கு விடுகிறேன்" என்பதற்கான ஆங்கில வாக்கியத்தையும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள். போன வருடம் அந்த ஹெய்திப் பெரியவர் தன் முறை வந்தபோது, நிறுத்தத்தின் பெயரைச் சத்தமாகச் சொல்லும் பஸ்ஸுக்கு நன்றி என்றார். வேறு எதையும் சேர்க்கவில்லை.

பஸ் என்றதும் நினைவுக்கு வருகிறது: தேங்க்ஸ்கிவிங் அன்று பாஸ்டன் பகுதியில் பஸ்களும் ரயில்களும் ஞாயிற்றுக்கிழமை நேர அட்டவணைப்படிதான் ஓடும். வீட்டு வாசலுக்கு வரும் 'தி ரைடு' வண்டியை முன்னதாகவே பதிவு செய்யச் சொல்லுங்கள். இந்த மாநிலச் சட்டப்படி அன்று பெரிய கடைகளும் சூப்பர்மார்க்கெட்டுகளும் திறக்காது. விருந்துக்குக் கையில் ஏதாவது கொண்டுபோக நினைப்பவர்கள் புதன்கிழமைக்குள் வாங்கிவிட வேண்டும்.

கிரான்பெர்ரியை எண்ணிக் கொடுத்து எண்ணியே திரும்ப வாங்குங்கள். துள்ளிப் போனவற்றில் இரண்டு, மார்ச் மாதம் எங்கள் வகுப்பறை ரேடியேட்டருக்கு அடியில் கிடைத்தன. ஒன்றை மேசையில் போட்டுப் பார்த்தேன். கல் விழுந்தது போலச் சத்தம் கேட்டது. "அது அழுகிப்போனது" என்றார் சோமாலியப் பெண், தலையைத் திருப்பாமலே.