கிரனாடாவில் ஒரு நாள்: எந்த டிக்கெட், எந்தப் பெட்டி?

கேள்வி: அக்டோபரில் நானும் மனைவியும் ஸ்பெயினின் கிரனாடாவில் ஒரு நாள் இருப்போம். ஓட்டமில்லாமல் அல்ஹம்ப்ரா கோட்டை-அரண்மனை வளாகத்தைப் பார்க்க ஆசை. அதிகாரபூர்வத் தளத்தில் அன்றைக்குப் பொது டிக்கெட் தீர்ந்துவிட்டது. ஒரு நிறுவனம் வழிகாட்டியுடன் தலைக்கு 65 யூரோ கேட்கிறது. இன்னொரு தளத்தில் 'தோட்டங்கள்' டிக்கெட் மலிவாக இருக்கிறது. எதை வாங்குவது?

பதில்: மலிவு டிக்கெட் வேண்டாம். அதில் ஹெனராலிஃபே தோட்டமும் அல்காசாபா கோட்டையும் உண்டு. வளாகத்தின் முக்கியப் பகுதியான நஸ்ரிட் அரண்மனைகள் கிடையாது. 12 பளிங்குச் சிங்கங்கள் சுமக்கும் நீரூற்று அந்த அரண்மனைக்குள்தான் இருக்கிறது. வாசல்வரை வந்துவிட்டு அதைப் பார்க்காமல் திரும்புவது பெரிய இழப்பு.

65 யூரோவை மோசடி என்று சொல்லிவிட முடியாது. பொது டிக்கெட் ஏறக்குறைய 20 யூரோ. மீதி வழிகாட்டிக்கும் நிறுவனத்துக்கும் போகிறது. ஆனால் டிக்கெட் விவரத்தில் 'நஸ்ரிட் அரண்மனைகள்' என்று எழுத்தில் இருக்கிறதா, முன்பதிவிலேயே உங்கள் பாஸ்போர்ட் எண்ணைக் கேட்கிறார்களா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் பணம் கட்டாதீர்கள். தன் டிக்கெட்டை விற்கும் தனிநபரிடம் வாங்கவே கூடாது. டிக்கெட் பெயருக்கு உரியது, வாசலில் அசல் பாஸ்போர்ட்டோடு ஒப்பிடுவார்கள். இனிஷியலை விரித்து எழுதுவதில்தான் நம்மவர்கள் தடுமாறுவார்கள். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே போடுங்கள்.

அதற்கு முன் அதிகாரபூர்வத் தளத்திலேயே இன்னும் இரண்டு வாய்ப்புகளைப் பாருங்கள். 'தோப்லா தெ ஓரோ' என்பது அல்ஹம்ப்ராவோடு அல்பைசின் பகுதியின் பழைய மாளிகைகளையும் சேர்த்த டிக்கெட். மற்றொன்று, நஸ்ரிட் அரண்மனைகளுக்கான இரவு நுழைவு. பகலில் அதே வளாகத்திலுள்ள ஐந்தாம் கார்லோஸ் அரண்மனையை டிக்கெட் இல்லாமலே சுற்றிவிட்டு, இரவில் இதற்குப் போனால் ஓட்டமே இருக்காது.

டிக்கெட்டில் அச்சிட்டிருக்கும் நேரம் நஸ்ரிட் அரண்மனை வாசலுக்கானது, பிரதான நுழைவுக்கானது அல்ல. இரண்டுக்கும் இடையே 15 முதல் 20 நிமிட நடை. அரை மணி அவகாசம் கடந்தால் உள்ளே விடமாட்டார்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். 11 மணி டிக்கெட் என்றால் 8.30க்கு வந்து, பிரதான நுழைவை ஒட்டியிருக்கும் ஹெனராலிஃபேயை முதலில் பாருங்கள். அரண்மனை முடிந்தபின் அல்காசாபா. நேரம் நெருக்கினால் ஊருக்குள் இருக்கும் பிளாசா நுவேவா சதுக்கத்திலிருந்து மேடேறி 'நீதி வாசல்' வழியாக வந்தால் அரண்மனை பக்கம். பெரிய முதுகுப்பையை அறையிலேயே வைத்துவிடுங்கள்.

கேள்வி: அங்கே விற்கும் தாரசேயா மரப்பெட்டிகளில் அசலை எப்படிக் கண்டுபிடிப்பது? வரி திரும்பக் கிடைக்குமா?

பதில்: தாரசேயா என்பது மரம், எலும்பு, சிப்பி ஆகியவற்றின் சின்னச் சின்னத் துண்டுகளைப் பதித்துச் செய்யும் வேலை. பெட்டியின் மூலையைப் பாருங்கள். போலியில் வடிவம் தாள் மடிவதுபோல விளிம்பைச் சுற்றி வளையும். செல்போன் கேமராவைப் பெரிதாக்கினால் அச்சுப் புள்ளிகள் தெரியும். அசலில் ஒவ்வொரு துண்டுக்கும் தனி இழையோட்டமும் மெல்லிய இணைப்புக் கோடும் இருக்கும். அல்காய்சேரியா சந்தில் இரண்டும் கலந்தே விற்கின்றன. பட்டறை வைத்திருக்கும் கடையில் வாங்குவது நல்லது.

பொருளுக்கான 21% வரி விலைக்குள் அடங்கியிருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர்களுக்கு அது திரும்பக் கிடைக்கும், 2018 முதல் குறைந்தபட்சத் தொகை வரம்பும் இல்லை. வாங்கும்போதே பாஸ்போர்ட்டைக் காட்டி வரியைத் திரும்பப் பெறுவதற்கான 'தீவா' படிவம் கேளுங்கள். விமான நிலையத்தில் பெட்டியைச் சரக்கில் போடுமுன் அந்தப் படிவத்தைப் பதிவுசெய்ய வேண்டும். அதிகாரி பொருளைப் பார்க்கக் கேட்கலாம். சேவைக் கட்டணம் போக மீதிதான் கைக்கு வரும்.

கேள்வி: சைவச் சாப்பாடு, தண்ணீர், பில்: எதில் கவனம் வேண்டும்?

பதில்: கிரனாடாவில் பானம் வாங்கினால் சிறு தட்டில் தபா எனும் சிற்றுண்டி இலவசமாக வரும். 'சின் கார்னே' (இறைச்சி இல்லாமல்) என்று மட்டும் சொன்னால் பன்றித்தொடைத் துண்டோ மீனோ வந்துவிடலாம். 'நி ஹமோன், நி பெஸ்காதோ' (பன்றித்தொடையும் வேண்டாம், மீனும் வேண்டாம்) என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர 2022 சட்டப்படி உணவகங்கள் கடமைப்பட்டவை. 'அகுவா தெல் கிரிஃபோ' என்று கேளுங்கள். மேசையில் தானாக வரும் ரொட்டிக்குக் காசு இருக்கலாம். பில்லில் தகராறு என்றால் 'ஓஹா தெ ரெக்லமசியோனெஸ்' எனும் புகார்ப் படிவத்தைக் கேளுங்கள். எல்லாக் கடையும் அதை வைத்திருந்தாக வேண்டும்.