நீதிமன்றத்தில் வேலை செய்தவர்களே, அங்கே சிரிப்புக்கும் இரக்கத்துக்கும் இடம் இருக்கிறதா?

யாழ்ப்பாணத்தில் நீதவான் நீதிமன்றத்திலும் மாவட்ட நீதிமன்றத்திலும் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கேள்வி கேட்டவர் "கோர்ட் என்றாலே பயம், அடுத்த மாதம் முதல் தடவையாகப் போக வேண்டியிருக்கிறது" என்றும் சேர்த்து எழுதியிருந்தார், அதனால்தான் இந்தப் பதில்.

இடம் இருக்கிறது. எனக்கு முதலில் ஞாபகம் வருவது கொலையோ கொள்ளையோ இல்லை, வேலி வழக்கு. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைகளுக்குச் சீதனமாகக் காணியைப் பிரித்துக் கொடுப்பதால் அக்காவும் தங்கச்சியும் அடுத்தடுத்த வளவில்தான் இருப்பார்கள், கிணறு பொதுவாக இருக்கும், ஆகவே சண்டை வந்தாலும் வேறு யாரோடும் வராது, அவர்களுக்குள்ளேதான் வரும். அரியாலைப் பக்கத்தில் அப்படி இரண்டு சகோதரிகள், இரண்டு பேருக்கும் அறுபதைத் தாண்டியிருக்கும். அக்கா புதிதாகக் கதியால் (வேலிக்கு நடுகிற தடி) போட்டு வேலியை அடைத்ததில் தங்கச்சி கிணற்றுக்குப் போகிற வழி அடைபட்டுவிட்டது. தங்கச்சி பொலிஸுக்குப் போக, பொலிஸ் வழக்கை எங்களிடம் அனுப்பியது.

இதை எல்லோரும் "அறுபத்தாறு" என்பார்கள். 1979ஆம் ஆண்டின் ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தில் 66ஆம் பிரிவு. காணித் தகராறால் சமாதானம் குலையும் என்ற நிலை வந்தால் இதில் வழக்குப் போடலாம். காணி யாருக்குச் சொந்தம் என்று இதில் தீர்ப்பதில்லை, அது மாவட்ட நீதிமன்றத்தின் வேலை. இப்போது யார் அனுபவிக்கிறார்கள், கடைசி இரண்டு மாதத்துக்குள் யாரையாவது வெளியேற்றினார்களா என்று பார்ப்பார்கள். பலருக்குத் தெரியாத ஒன்று, விசாரணைக்குத் திகதி போட முதல் இரண்டு பகுதியையும் இணக்கத்துக்குக் கொண்டுவர எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. நீதவான் மனம் இரங்கிச் செய்கிற சலுகை இல்லை அது, அவருடைய கடமை.

தங்கச்சி காணி உறுதியை (பத்திரத்தை) ஒரு பழைய பால்மா ரின்னுக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். 1995இல் போரால் யாழ்ப்பாணச் சனம் இடம்பெயர்ந்தபோது உடுப்பை விட்டுவிட்டு இந்த ரின்னைத்தான் தூக்கிக்கொண்டு போனாராம், அப்படிப் போன சனம் எங்கள் ஊரில் நிறைய. அவர் ரின்னைத் திறந்துகொண்டிருக்கும்போதே எதிர்ப்பக்கம் நின்ற அக்கா தள்ளாடி வாங்கில் சாய்ந்துவிட்டார். எல்லோரும் எழும்ப, தங்கச்சி இருந்த இடத்திலேயே சத்தம் போட்டார்.

"ஐயா, அவவுக்குச் சீனி வருத்தம். குளிசையைப் போட்டிட்டு ஒண்டும் சாப்பிடாமல் வந்திருப்பா, அவ எப்பவும் அப்பிடித்தான்."

சொல்லிக்கொண்டே கைப்பையில் இருந்து ஒரு கதலிப்பழத்தை எடுத்து, தோலை உரித்து, அக்காவின் வாயருகே பிடித்தார். அக்காவும் தின்றார். இரண்டு பேரும் கதைத்து வருடக்கணக்காகிறது என்று பொலிஸ் அறிக்கையில் இருந்தது. அவருக்குத் தெளிந்த பிறகு நீதவான் கேட்டார், "அக்காவில இவ்வளவு பாசம் இருந்தால் பிறகு ஏனம்மா வழக்கு?"

"பாசம் வேற ஐயா. கிணத்து வழி வேற."

மன்றமே சிரித்தது, நீதவானும் சிரித்தார், ஆனால் அதோடு விட்டுவிடவில்லை. வழக்கை மதியத்துக்குப் பிறகு எடுப்பதாகச் சொல்லி, இரண்டு சட்டத்தரணிமாரையும் அவர்களோடு இருந்து கதைக்கச் சொன்னார். அங்கேதான் உண்மை வெளியே வந்தது. தாயின் அந்தியேட்டிக்கு (செத்தவருக்குச் செய்கிற கிரியை) அக்காவின் மருமகனுக்குத் தங்கச்சி தனியாகச் சொல்லி அனுப்பவில்லையாம். அதில் வந்த கோபம் வேலியில் போய் முடிந்திருக்கிறது. கடைசியில் வேலி இருந்தபடி இருக்கும், கிணற்றுக்கு நேரே ஒரு படலை (வேலிக் கதவு) வைப்பது, செலவு பாதி பாதி என்று இணங்கினார்கள். எழுதி வாசிக்கும்போது, "படலைக்குப் பூட்டுப் போடக்கூடாது எண்டும் எழுதுங்கோ" என்று குறுக்கே சொன்னது யார் தெரியுமா, வேலியை அடைத்த அக்கா. அதையும் வழக்கேட்டில் சேர்த்தோம்.

இன்னொன்று, கொக்குவில் தோட்டக்காரர் ஒருவர், இரவில் சைக்கிளில் லைட் இல்லாமல் வந்தார் என்று குற்றச்சாட்டு. குற்றவாளியா சுற்றவாளியா என்று கேட்டால், "தோட்டம் செய்யிறன் ஐயா" என்றார். திரும்பக் கேட்க, "குற்றவாளிதான், கெதியாய் முடியுங்கோ, கத்தரிக்காய் வாடிப்போகும்" என்றார். அன்றைக்கு வழக்குகள் குவிந்து கிடந்தன, தண்டத்தைப் போட்டு அடுத்ததைக் கூப்பிட்டிருக்கலாம். நீதவான் பேனையை வைத்துவிட்டு என்ன நடந்தது என்று கேட்டார். விடியப்புறம் இரண்டு மூட்டை கத்தரிக்காயோடு எங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போயிருக்கிறார். "உருட்டேக்க டைனமோ எரியாது ஐயா, ஓடினால்தான் எரியும். மூட்டையோட நான் எப்பிடி ஓடுறது?" பொலிஸ்காரரும் நேர்மையாக, ஓம், உருட்டிக்கொண்டுதான் வந்தவர் என்றார். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தில் 306ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஆளின் வயது, நடத்தை, குற்றம் எவ்வளவு சின்னது என்பதைப் பார்த்து, குற்றத்தீர்ப்புப் பதியாமலே எச்சரித்து விடலாம். அப்படித்தான் விட்டார். இரக்கத்துக்குச் சட்டத்துக்குள்ளேயே வழி இருக்கிறது, நின்று கேட்க ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

சிரிக்க முடியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத் தமிழருக்கான வழமைச் சட்டமான தேசவழமைப்படி மனைவி தன் பெயரில் உள்ள காணியைக்கூடக் கணவனின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது. கணவன் கைவிட்டுப் போனாலோ, இருக்கும் இடம் தெரியாமல் போனாலோ, நியாயமில்லாமல் மறுத்தாலோ, மாவட்ட நீதிமன்றம் அந்தச் சம்மதம் தேவையில்லை என்று கட்டளையிடலாம், 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தில் இருக்கிற வழி. இது எனக்குப் பிடிக்காத சட்டம், வெளிப்படையாகவே சொல்கிறேன். தன் சீதனத்தை விற்க ஒரு பெண் ஏன் நீதிமன்றப் படி ஏற வேண்டும்? போருக்குப் பிறகு அப்படி வந்தவர்களில் ஒருவர், மகளின் கலியாணத்துக்காக ஒரு துண்டுக் காணி விற்க மனுப் போட்டவர். கணவரைக் காணவில்லை. எதிர்மனுதாரரின், அதாவது கணவரின், முகவரி என்ற இடத்தில் தன் வீட்டு முகவரியையே கொடுத்திருந்தார். நான் ஏன் என்று பார்க்க, "அவர் வந்தால் அங்கதானே பிள்ளை வருவார்" என்றார். அறிவித்தலைக் கொண்டுபோன எங்கள் உத்தியோகத்தருக்கு வாசலில் நின்று ஆள் இல்லை என்று சொன்னவரும் அவரேதான். பிறகு பத்திரிகையில் விளம்பரம் போடக் கட்டளை வந்தது. "பேப்பரில வந்தால் அவர் எங்கயாவது பார்ப்பாரோ?" என்று கேட்டார். நான் ஒன்றும் சொல்லாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கட்டளை கிடைத்தது, காணி விற்றார், எனக்கும் கலியாணக் காட் வந்தது, அதில் தகப்பன் பெயருக்கு முன்னால் அமரர் என்று போடவில்லை. நான் போய்ச் சாப்பிட்டு, பொம்பிளை மாப்பிள்ளையை வாழ்த்திவிட்டு வந்தேன்.

அப்புறம், கேள்வி கேட்டவருக்கு. மன்று தொடங்க முதலே போய்விடுங்கள், காலைச் சாப்பாட்டை விடாதீர்கள். வெளியே ரீ குடிக்கப் போனாலும் பெயர் கூப்பிடுகிற சத்தத்தில் காது இருக்கட்டும், கூப்பிடும்போது எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், இல்லாவிட்டால் பிடியாணை போகும். விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று சத்தமாகச் சொல்லுங்கள். கீழே மேசையில் இருக்கிற எழுதுவினைஞர்களிடம் தவணைத் திகதியைத் துண்டில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள், தருவார்கள்.