தூண்டில் கேள்வி-பதில்: கோடையில் லேக் ட்ரௌட் எங்கே போகிறது?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கனடா ஏரிகளைப் பற்றியவை. குமுளியைச் சுற்றி வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருக்கும் காலம், ஆச்சரியமில்லை. நானும் சில கோடைகள் ஒன்டாரியோவில் படகில் கூலிக்கு நின்றவன்தான். லேக் ட்ரௌட் என்பது அந்த ஏரிகளில் வாழும் குளிர்நீர் மீன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணே, ஜூலையில் டொராண்டோவில் தம்பி வீட்டுக்குப் போகிறேன். ஏலக்காய் எடுப்புக்குள் திரும்பிவிட வேண்டும். சிம்கோ ஏரியில் லேக் ட்ரௌட் பிடிக்கலாம் என்கிறான். எத்தனை அடி ஆழத்தில் போடுவது? (வண்டன்மேடு)

தம்பியிடம் அடிக்கணக்கு கேட்காதீர்கள், டிகிரிக் கணக்கு கேளுங்கள். சித்திரை வெயிலில் கிணற்றில் குதித்திருப்பீர்கள். மார்பு வரை வெதுவெதுப்பு, அதற்குக் கீழே கால் சில்லென்று இழுக்கும். அந்த ஏரிகளும் அப்படித்தான், ஆனால் நூறு மடங்கு பெரிய அளவில். ஜூலையில் மேல்தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டிவிடும். லேக் ட்ரௌட்டுக்குப் பிடித்தது 10 டிகிரியை ஒட்டிய தண்ணீர். 15-க்கு மேல் போனால் தங்காது. நடுவில் ஓர் அடுக்கில் சூடு சட்டென்று இறங்கும். அந்த அடுக்குக்குக் கீழேதான் மீன். ஒரு ஏரியில் அது 45 அடியில் இருக்கும், பக்கத்து ஏரியில் 80 அடியில். காற்று இரண்டு நாள் ஒரே பக்கம் அடித்தால் சூடான தண்ணீர் அந்தக் கரையில் போய்க் குவியும், அடுக்கும் அங்கே கீழே இறங்கும். நேற்று பிடித்த இடத்தில் இன்று ஒன்றும் கிடைக்காமல் போவதற்கு இதுவும் காரணம்.

மீன் காட்டும் கருவி படகில் இருந்தால் அதன் உணர்திறனைக் கூட்டிப் பாருங்கள். திரையில் குறுக்கே புகை மாதிரி ஒரு பட்டை தெரியும், அதுதான் அந்த அடுக்கு. இல்லாவிட்டாலும் பரவாயில்லை. சின்ன பாட்டிலில் கல்லும் தெர்மாமீட்டரும் போட்டு, பத்தடிக்கு ஒரு முடிச்சு வைத்த கயிற்றில் இறக்குங்கள். ஐந்து நிமிடம் விட்டு விறுவிறுவென்று இழுத்துப் பாருங்கள். நான் பல நாள் இப்படித்தான் பார்த்தேன். கூட வந்தவர்கள் சிரித்தார்கள், அப்புறம் அவர்களே முடிச்சை எண்ண ஆரம்பித்தார்கள்.

என்ன ஜிக், என்ன நரம்பு வாங்க? கடைக்காரர் முப்பது வகை காட்டுகிறார். (கட்டப்பனை)

முப்பதும் வேண்டாம். ஜிக் என்பது மேலும் கீழும் ஆட்டிப் பிடிக்கும் ஈயத்தலை வைத்த போலி இரை, நரம்பு என்பது தூண்டில் கயிறு. வெள்ளையில் நாலு அங்குல ரப்பர் குழாய் ஜிக், உள்ளே ஈயத்தலை. ஒரு அவுன்ஸ், அதாவது 28 கிராம், பெரும்பாலும் போதும். காற்று ஓய்ந்த நாளில் அதில் பாதி எடை போதும். சிவப்புக்குக் காசு கொடுக்காதீர்கள். ஆழத்தில் முதலில் செத்துப்போகும் நிறம் அதுதான்.

நரம்பு பின்னல் நரம்பாக இருக்கட்டும். நைலான் ரப்பர் மாதிரி இழுபடும். 80 அடி ஆழத்தில் ஜிக் இருக்கும்போது நீங்கள் மேலே ஒரு முழம் தூக்கினால் கீழே அது அந்த அளவுக்கு அசையாது. பின்னல் நரம்பின் முனையில் ஒரு பாகம், அதாவது இரு கையையும் விரித்த நீளத்துக்கு, ஃப்ளூரோகார்பன் என்ற தெளிந்த நரம்பைக் கட்டுங்கள், மீன் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது.

கொத்தனாரின் தூக்குக்குண்டு மாதிரி நரம்பு நேராக நிற்க வேண்டும். படகு நகர்ந்து நரம்பு சாய்ந்தால் ஜிக் எந்த ஆழத்தில் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியாது. சாய்ந்தால் சுருட்டிவிட்டு மறுபடி போடுங்கள், அல்லது எடையைக் கூட்டுங்கள்.

மீன் கடித்தது கையில் தெரிகிறது, இழுத்தால் கழன்றுவிடுகிறது. (டொராண்டோவிலிருந்து ஒரு கம்பத்துக்காரர்)

விரால் பிடித்த கைதானே? எனக்கும் அதே வியாதி. விராலுக்கு ஓங்கி ஒரு வெட்டு வெட்டுவோம், அதாவது ராடைச் சட்டென்று சுண்டி இழுப்போம். அதே பழக்கத்தில் ஒரு காலையில் வரிசையாக மூன்று மீனை விட்டேன். படகுக்காரத் தாத்தா ஒன்றும் பேசாமல் என் கையிலிருந்து ராடை வாங்கினார். அடுத்த கடி வந்ததும் வெட்டவில்லை, ரீலை மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தார். ராட் வளைந்து கனம் ஏறிய பிறகுதான் மெல்ல உயர்த்தினார். அவ்வளவுதான் வித்தை.

திரையில் மீன் ஜிக்கின் பின்னாலேயே வருகிறது, கடிக்க மாட்டேன் என்கிறது. (அதே நண்பர்)

நிறுத்தாதீர்கள், வேகமாக மேலே சுருட்டுங்கள். சின்ன மீன் தப்பி ஓடுகிறது என்று நினைத்து முப்பது நாற்பது அடி துரத்தி வந்தும் கடிக்கும். நின்றால் சந்தேகப்பட்டுத் திரும்பிவிடும்.

மூணாறிலும் ட்ரௌட் இருக்கிறதே, மாட்டுப்பெட்டி, குண்டளை அணைகளில் இதே மாதிரி அடியில் ஆட்டிப் பார்க்கலாமா? (தேவிகுளம்)

நல்ல கேள்வி, ஆனால் பலிக்காது. நம் மலையில் வெள்ளைக்காரத் துரைமார் கொண்டுவந்து விட்டது வானவில் ட்ரௌட். ராஜமலையில் அதற்குக் குஞ்சு பொரிப்பகமே வைத்தார்கள். லேக் ட்ரௌட் வட அமெரிக்க மீன், ட்ரௌட்டுக்குப் பங்காளி என்று சொல்லலாம்.

தண்ணீரும் வேறு. அங்கே வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் ஏரி மேலும் கீழுமாகப் புரண்டு, ஆக்ஸிஜன் அடிவரை போகும். குப்பை குறைந்த தெளிந்த தண்ணீர் என்பதால் கோடை முழுக்க அது தாங்கும். நம் பக்கத்து அணைகளில் அடியில் இலையும் சேறும் மக்கி, இருக்கும் ஆக்ஸிஜனையும் தின்றுவிடும். கோடையில் அடிமதகு திறக்கும்போது சில அணைகளில் அழுகிய முட்டை வாடை அடிப்பது அதனால்தான். குளிர்ச்சி இருந்தாலும் மூச்சு விட முடியாத இடத்தில் மீன் ஏன் நிற்கும்? ஓடைத் தண்ணீர் வந்து விழும் முகப்பில், நடுத்தண்ணீரில் தேடுங்கள். எங்கேயும் அனுமதி கேட்டுவிட்டு. இரவிகுளம் பூங்காவுக்குள் ராடோடு போகவே வேண்டாம்.

தேக்கடியில்? (குமுளி)

புலிகள் காப்பகம். கூடாது.

அப்பாவுக்கு 68 வயது. ஒன்டாரியோவில் 65-க்கு மேல் லைசென்ஸ் வேண்டாம் என்கிறார்களே? (பீர்மேடு)

அந்தச் சலுகை கனடாவில் குடியிருப்பவர்களுக்கு. விருந்தாளியாகப் போகும் அப்பாவுக்கு வெளிநாட்டவர் லைசென்ஸ் எடுத்துவிடுங்கள், ஒரு நாளுக்கும் கிடைக்கும்.

பிடித்த மீனைக் குடம்புளி போட்டு வைக்கலாமா? பெரியதா, சிறியதா, எது ருசி? (நெடுங்கண்டத்திலிருந்து ஒரு அக்கா)

சிறியதுதான், அக்கா. இந்த மீன் மெதுவாக வளர்ந்து பல பத்தாண்டு வாழும், பெரிதாகப் பெரிதாகப் பாதரசமும் உடம்பில் சேரும். எந்த ஏரியில் எந்த நீளத்து மீனை மாதம் எத்தனை முறை சாப்பிடலாம் என்று ஒன்டாரியோ அரசே பட்டியல் போடுகிறது, தம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். தோலையும் வயிற்றுக் கொழுப்பையும் நீக்கினால் கொழுப்பில் தங்கும் வேறு நச்சுகள் குறையும். பாதரசம் சதையில் இருப்பதால் அது போகாது. கொழுப்பு மிகுந்த மீன் என்பதால் தேங்காய்ப்பால் ஊற்றினால் திகட்டும். குடம்புளியும் மிளகும் தூக்கலாகப் போட்டு, எண்ணெயைக் குறையுங்கள்.

பெரியதை விடுவதானால் உடனே விட வேண்டும். மேலே வரும்போது வாய்வழியே காற்றுக்குமிழி விடும், பயப்படாதீர்கள். அது உடம்புக்குள் இருக்கும் காற்றுப்பையிலுள்ள காற்றை வெளியேற்றுகிறது. மேல்தண்ணீரின் சூடுதான் அதைக் கொல்லும். வாளியில் போட்டு வைத்துப் போட்டோவுக்கு ஆள் கூப்பிடாமல், கையை நனைத்து முள்ளைக் கழற்றி, தலைகீழாகச் சட்டென்று இறக்கிவிடுங்கள். அதுவே குளிரைத் தேடிப் போய்விடும்.