பச்சை விளிம்பு

அன்புள்ள ஐயா,

மடிப்பாக்கத்தில் வீட்டு மாடியில் சின்னதாக ஒரு மின்சூளை வைத்து, கண்ணாடித் துண்டுகளை அடுக்கிச் சுட்டுப் படங்கள் செய்கிறேன். இயற்கைதான் எனக்கு எல்லாம். ஆனால் ஜன்னல் கண்ணாடியில் செய்தால் நாலைந்து அடுக்கிலேயே பச்சை தட்டிவிடுகிறது. வெளிநாட்டுக் கண்ணாடிக்கு மாறிவிடலாமா? விலை எப்படி வைப்பது? ஏழு படங்கள் இணைத்திருக்கிறேன். கடைசியில் இருப்பது வீணாய்ப் போனது.

வி.

அன்புள்ள வி.,

விலையெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். வெளிநாட்டுக் கண்ணாடி வாங்குவது உங்கள் விருப்பம். அதையும் ஜன்னல் கண்ணாடியையும் மட்டும் சேர்த்துச் சுட்டுவிடாதீர்கள். இரண்டும் ஒரே அளவில் சுருங்காது. சூளைக்குள் ஒட்டிக்கொண்டாலும் ஆறும்போது விரிசல் விட்டுவிடும். சரி, அது போகட்டும்.

அப்பா மயிலாப்பூரில் சாமி படங்களுக்கு ஃப்ரேம் போடும் கடையில் கண்ணாடி வெட்டினார். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அங்கே போவேன். வெட்டி மிஞ்சிய துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, விளிம்புப் பக்கம் கண்ணை வைத்துப் பார்ப்பேன். மேலிருந்து பார்த்தால் நிறமே இல்லாத கண்ணாடி, அங்கே தெப்பக்குளத்துத் தண்ணீராகத் தெரியும். "உள்ளே குளம் இருக்குப்பா" என்பேன். "இரும்புடா. மணல்ல கொஞ்சம் இரும்பு இருக்கு, அதான்" என்பார்.

அந்தப் பச்சையைத்தான் நீங்கள் குறை என்கிறீர்கள். உங்கள் முதல் ஆறு படங்களிலும் மேப்பிள் இலை, பைன் காடு, பனி மூடிய மலை. கோபம்தான் வந்தது. மடிப்பாக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பனி எதற்கு? பக்கத்திலேயே பள்ளிக்கரணை சதுப்பு நிலம் இருக்கிறது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-ல் சேர்ந்த இடம். சம்புக் கோரைக்கு நடுவே நீலத் தாழைக்கோழி காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடப்பதை ஒரு நாளாவது நின்று பார்த்திருக்கிறீர்களா? அந்தத் தண்ணீரைப் பாருங்கள். மேலே வானம், கீழே பாசி, அதற்கும் கீழே சேறு. அடுக்கு என்றால் அதுதான் அடுக்கு. அதற்கு வேண்டிய பச்சை உங்கள் ஜன்னல் கண்ணாடிக்குள்ளேயே இருக்கிறது.

வீணாய்ப் போனது என்கிறீர்களே, அந்த ஏழாவது. பூவரச இலையை இரண்டு கண்ணாடிக்கு நடுவே வைத்து 800 டிகிரியில் சுட்டிருக்கிறீர்கள். இலை எரிந்து வெள்ளைச் சாம்பலாகி, நரம்பு நரம்பாக அப்படியே நிற்கிறது. காம்பருகே ஒரு குமிழ். ஈரமும் புகையும் வெளியே போக வழியில்லாமல் அங்கே மாட்டிக்கொண்டிருக்கின்றன. சுற்றிலும் அந்தப் பச்சை. மழை விட்ட காலையில், வாசலில் தேங்கிய தண்ணீருக்கடியில் கிடக்கும் இலையைக் குனிந்து பார்ப்பது போல இருந்தது. போனைக் கீழே வைக்க மனமே வரவில்லை. இலையை நன்றாகக் காயவைத்து, சூட்டை நிதானமாக ஏற்றினால் குமிழ் குறையும். ஆனால் எனக்கு அந்தக் குமிழ் வேண்டும்.

தூக்கிப் போட்டுவிடவில்லையே? எங்கள் வீட்டு ஜன்னல் திட்டில், காலை வெயில் விழும் இடம் காலியாகத்தான் இருக்கிறது. என்ன விலை என்று எழுதுங்கள்.