டிரக்கியாஸ்டமி: கத்தியா, ஊசியா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

அப்பாவுக்குப் பக்கவாதம். 12 நாளாக வென்டிலேட்டரில் இருக்கிறார். கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைக்க வேண்டும், பெட்டிலேயே ஊசி முறையில் செய்துவிடலாம் என்கிறார்கள். பக்கத்து பெட்காரரை ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோய்ச் செய்தார்கள். எங்களுக்கு மட்டும் ஏன் இப்படி? எது நல்லது?

உங்களை மட்டமாக நடத்தவில்லை, கவலைப்படாதீர்கள். இரண்டும் டிரக்கியாஸ்டமிதான், போகும் வழி வேறு.

தியேட்டரில் செய்வது பழைய திறந்த முறை. 1909-இல் அமெரிக்க மருத்துவர் செவாலியே ஜாக்சன் ஒழுங்குபடுத்தியது, இன்றும் ஏறக்குறைய அப்படியே நடக்கிறது. கழுத்தின் நடுவே தோலைக் கீறி, தசைகளை இரு பக்கமும் விலக்கி, குறுக்கே வரும் தைராய்டின் இணைப்புப் பகுதியை ஒதுக்கி அல்லது வெட்டிக் கட்டி, மூச்சுக்குழாயைக் கண்ணால் பார்த்துத் திறப்போம். பெரும்பாலும் மூச்சுக்குழாயின் இரண்டாவது குருத்தெலும்பு வளையத்துக்கும் நான்காவது வளையத்துக்கும் இடையில்.

ஊசி முறையை 1985-இல் சியாக்லியா என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் கொண்டுவந்தார். சிறு கீறல் போட்டு, உப்புநீர் நிரப்பிய சிரிஞ்சுடன் ஊசியை இறக்குவார்கள். சிரிஞ்சில் குமிழி வந்தால் ஊசி காற்றுக்குழாய்க்குள் இருக்கிறது என்று அர்த்தம். ஊசி வழியே ஒரு கம்பி, கம்பி மேல் துளையை விரிக்கும் கருவி, அப்புறம் குழாய். தொடக்கத்தில் சிறியதிலிருந்து பெரியதாக ஒவ்வொரு விரிப்பானாக மாற்றினார்கள். இப்போது வளைந்த ஒற்றை விரிப்பானே போதும், தண்ணீரில் நனைத்தால் வழவழவென்று இறங்கும். 1990-இல் ஆஸ்திரேலியாவின் கிரிக்ஸ், கம்பி மேல் ஓடும் ஒரு இடுக்கியால் விரிக்கும் வழியைக் காட்டினார்.

எது நல்லது? இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், ஊசி முறையில் புண்ணில் சீழ் பிடிப்பது தெளிவாகக் குறைவு, ஏனென்றால் துளை குழாயை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. உயிரிழப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. வென்டிலேட்டர், மருந்து பம்ப் எல்லாவற்றோடும் நோயாளியை லிஃப்டில் ஏற்றி இறக்குவதே ஒரு ஆபத்து, அது மிச்சம். பக்கத்து பெட்காரருக்குக் கழுத்து குட்டையாக இருந்திருக்கலாம், தைராய்டு வீங்கியிருக்கலாம், பழைய ஆபரேஷன் தழும்பு இருக்கலாம், துளை போடும் இடத்தில் ரத்தக்குழாய் துடித்திருக்கலாம். அப்படிப்பட்ட கழுத்தை நானும் திறந்துதான் பார்ப்பேன்.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "உள்ளே கேமரா விட்டுப் பார்த்துக்கொண்டு செய்வீர்களா?" மூச்சுக்குழாயின் பின்சுவரில் குருத்தெலும்பு கிடையாது, அதன் பின்னால் உணவுக்குழாய். ஊசி எவ்வளவு ஆழம் போகிறது என்பதைப் பிராங்கோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே செய்வது நல்லது.

5-ஆம் நாளே செய்தால் சீக்கிரம் குணமாகுமா? இல்லை, காத்திருக்கலாமா?

பிரிட்டனில் 900-க்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து டிராக்மேன் என்ற ஆய்வு நடந்தது, 2013-இல் முடிவு வெளியானது. ஒரு குழுவுக்கு முதல் 4 நாளுக்குள், இன்னொரு குழுவுக்கு 10 நாளுக்குப் பிறகும் தேவைப்பட்டால் மட்டும். 30-ஆம் நாள் இறப்பு விகிதம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். காத்திருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் கடைசியில் துளையே போடவில்லை. தலைக்காயம், கழுத்துத் தண்டுவடக் காயம் என்றால் சீக்கிரம் முடிவெடுக்கக் காரணம் இருக்கலாம். மற்றவர்களுக்கு அவசரம் தேவையில்லை.

ஐசியூ நர்ஸ் நான். ஊசி முறையில் வைத்த குழாய் மூன்றாம் நாள் இரவு, நோயாளியைத் திருப்பும்போது வெளியே வந்துவிட்டால் திரும்ப உள்ளே தள்ளலாமா?

தள்ளாதீர்கள். இரண்டு முறைகளுக்கும் உள்ள வித்தியாசம் உயிர் விஷயமாவது இங்கேதான்.

திறந்த முறையில் திசுக்களை வெட்டி, விலக்கி ஒரு வழி செய்திருக்கிறோம். மூச்சுக்குழாயின் ஓரத்தில் தையல் நூல் விட்டு நெஞ்சில் ஒட்டியும் வைத்திருப்போம், இழுத்தால் துளை மேலே வரும். ஊசி முறையில் திசுக்கள் வெறுமனே ஒதுங்கி நிற்கின்றன, குழாய் வெளியே வந்ததும் ரப்பர் போல மூடிக்கொள்ளும். வழி உறுதிப்பட 7 முதல் 10 நாள் ஆகும். அதற்கு முன் கண்ணை மூடிக்கொண்டு தள்ளினால் குழாய் மூச்சுக்குழாய்க்கு முன்னால், கொழுப்புக்குள் போய் உட்காரும். அதில் ஆம்பு பேக்கை (கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் பை) அழுத்தினால் காற்று தோலுக்கடியில் ஏறி, கழுத்தும் முகமும் ஊதி, அப்புறம் வாய் வழியாகக் குழாய் போட வருபவருக்கும் ஒன்றும் தெரியாது.

குரல் கொடுத்து ஆள் கூப்பிடுங்கள். வாய்க்கும் கழுத்துக்கும் ஆக்சிஜன் கொடுங்கள். மூச்சு இல்லையென்றால் கழுத்துத் துளையைக் காஸ் துணி வைத்து மூடி, முகத்தில் மாஸ்க் வைத்து ஆம்பு அழுத்துங்கள். மயக்க மருத்துவர் வந்து வாய் வழியே குழாய் போடட்டும்.

ஒரே விதிவிலக்கு, புற்றுநோய்க்காகக் குரல்வளையை முழுதாக எடுத்தவர்கள். அவர்களுக்கு வாய்க்கும் நுரையீரலுக்கும் தொடர்பே இல்லை. முகத்தில் மாஸ்க் வைத்து என்ன அழுத்தினாலும் பயனில்லை, கழுத்து மட்டுமே வழி. பிரிட்டிஷ் மருத்துவமனைகளில் இந்தக் குழப்பம் வரக்கூடாது என்று கட்டில் தலைமாட்டில் டிரக்கியாஸ்டமிக்குப் பச்சை அட்டை, குரல்வளை எடுத்தவர்களுக்குச் சிவப்பு அட்டை மாட்டுகிறார்கள். உங்கள் வார்டில் அட்டை இல்லையென்றால் ஒரு வெள்ளைத்தாள் போதும். தேதி, எந்த முறை, குழாய் அளவு, மேல்வழி (வாய், மூக்கு வழி) திறந்திருக்கிறதா என்ற நான்கும் அதில் இருக்கட்டும். கேஸ்ஷீட்டின் 14-ஆம் பக்கத்தில் எழுதி வைத்தால் இரவு 2 மணிக்கு யார் புரட்டுவார்கள்?

சினிமாவில் பேனாவைக் கழுத்தில் குத்தி உயிர் காப்பாற்றுகிறார்களே. நிஜமா?

வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம். சாதாரண பேனாக் குழாயின் உள்வாய் மிகக் குறுகல், ஒருவர் அதில் மூச்சுவிட முடியாது. சாப்பாடு அடைத்துவிட்டால் முதுகில் தட்டுங்கள், வயிற்றை அழுத்துங்கள்.

மருத்துவமனையில் வேறு எந்த வழியிலும் காற்று போகவில்லை என்றால் நாங்கள் செய்வது டிரக்கியாஸ்டமி அல்ல, அதற்குக் கொஞ்சம் மேலே, கிரிகோதைராய்டாட்டமி. ஆண்களுக்குத் துருத்திக்கொண்டு தெரியும் சங்குக்குக் கீழே விரலை இறக்கினால் ஒரு சின்னப் பள்ளம் தட்டுப்படும். தோலுக்கும் காற்றுக்கும் இடையில் மெல்லிய சவ்வுதான், தைராய்டு குறுக்கே வராது. ஒரு நிமிடத்தில் முடிக்கலாம்.

இவ்வளவு சுலபமான இடத்தை எல்லாவற்றுக்கும் பயன்படுத்தினால் என்ன? ஜாக்சனே 1921-இல் அதைக் கண்டித்து எழுதினார், மேலே துளை போட்ட நோயாளிகள் பலர் மூச்சுவழி சுருங்கி அவரிடம் வந்ததால். அரை நூற்றாண்டு யாரும் பக்கம் போகவில்லை. 1976-இல் பிராண்டிகனும் குரோவும் 655 பேருக்குச் செய்து காட்டிய பிறகுதான் அது மரியாதையோடு திரும்ப வந்தது. ஆனாலும் அவசரத்துக்கு மட்டும் என்பதே இன்றைய வழக்கம், என் கட்சியும் அதுவே.

அதிலும் கத்தியா ஊசியா சண்டை உண்டு. பிரிட்டனில் 2011-இல் வெளியான தணிக்கையில், அவசரத்தில் ஊசிக்குழாய் குத்தும் முயற்சிகள் பாதிக்கு மேல் தோற்றிருந்தன. 2015 வழிகாட்டுதல் கத்தியைச் சொன்னது: 10-ஆம் எண் பிளேடு, ஒரு பூஜி (குழாய்க்கு வழிகாட்டும் மெல்லிய குச்சி), 6 அளவுக் குழாய். ஐசியூ பெட்டில் நிதானமாகச் செய்யும்போது ஊசி ஜெயிக்கிறது, உயிர் போகும் நேரத்தில் கத்தி ஜெயிக்கிறது.

2 வயதுப் பேரனுக்கும் ஊசி முறையில் செய்வார்களா?

இல்லை. குழந்தைக்குத் திறந்த முறைதான், நெடுக்காக ஒரு கீறல், குருத்தெலும்பை வெட்டி எடுக்க மாட்டோம். நெஞ்சில் இடது, வலது என்று எழுதி ஒட்டிய இரண்டு நூல்கள் தெரியும். அவற்றைக் கழற்றிவிடாதீர்கள்.

குழாய் வைத்து மூன்று வாரம். நேற்று சளி உறிஞ்சும்போது இரண்டு ஸ்பூன் அளவு ரத்தம் வந்து தானாகவே நின்றுவிட்டது. விடலாமா?

இதைப் படித்ததும் கிளம்புங்கள். சளியில் கோடு கோடாக வருவது உறிஞ்சியதால் வந்த சிராய்ப்பாக இருக்கும். இந்த அளவு புது ரத்தம், அதுவும் முதல் சில வாரங்களில், குழாய் முனையோ, உள்ளே குழாயைச் சுற்றி ஊதி வைத்திருக்கும் பலூனோ முன்னால் ஓடும் பெரிய தமனியை அரித்ததன் முன்னறிவிப்பாக இருக்கலாம். அரிதுதான், ஆனால் அடுத்த முறை நிற்காது. மிகக் கீழே துளை போட்டால் இந்த ஆபத்து கூடும்.

அம்மா பேச ஆசைப்படுகிறார். பேச முடியுமா?

பெரும்பாலும் முடியும். ஒருவழி வால்வு ஒன்று இருக்கிறது. தசைச் சிதைவு நோயால் வென்டிலேட்டரில் இருந்த டேவிட் முயர் என்ற அமெரிக்க இளைஞர் தனக்காகவே கண்டுபிடித்தது. மூச்சு குழாய் வழியே உள்ளே போகும், வெளியே வரும்போது குரல்நாண்களைத் தொட்டுக்கொண்டு வாய் வழியே வரும். அதனால் பலூனில் காற்று இருக்கும்போது வால்வைப் போட்டால் உள்ளே போன மூச்சுக்கு வெளியே வர வழியே இருக்காது. முதலில் பலூன் காற்றை முழுதாக எடுங்கள், வெளியே தொங்கும் குட்டிப் பலூன் சப்பையாக இருப்பதை விரலால் தொட்டுப் பாருங்கள், அப்புறம் வால்வு. முதல் முறை மருத்துவமனையில் வைத்தே போடுங்கள். தூங்கும்போது கழற்றிவிடுங்கள்.