அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்திலுள்ள சார்ல்ஸ்டன் நகரில் ஒரே ஒரு நாள்தான் என்றால் எதையெல்லாம் பார்க்கலாம்?

காலையிலேயே சம்டர் கோட்டைக்குப் படகு ஏறிவிடுங்கள். 1861 ஏப்ரல் 12 அன்று இதன் மேல் குண்டு பொழிந்துதான் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியது. டிக்கெட்டை முன்பே எடுத்துவிடுவது நல்லது.

அப்புறம் சால்மர்ஸ் தெரு. உருண்டைக் கற்கள் பாவிய தெரு, நல்ல செருப்பு வேண்டும். அடிமைகளை ஏலம் விட்ட கட்டடம் இப்போது அங்கே அருங்காட்சியகம். ஊரின் பழைய செங்கற்கள் சிலவற்றில் விரல் தடங்களையும் கவனியுங்கள், ஈரக் களிமண்ணைக் கையாண்ட அடிமைகளின் விரல்கள் அவை, பல நேரம் குழந்தைகளுடையவை. மாளிகைகளை மட்டும் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள்.

மதியம் முழுவதையும் 2023இல் திறந்த சர்வதேச ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்துக்கு ஒதுக்குங்கள். அடிமைகளாகக் கப்பலில் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் கரை இறங்கிய கேட்ஸ்டன் துறையிலேயே அது நிற்கிறது.

நேரம் மிஞ்சினால், 1773இல் தொடங்கிய சார்ல்ஸ்டன் அருங்காட்சியகம்.