அண்ணாச்சி பதில்கள்: திங்கக்கெழம தாங்குமா?

கேள்வி: அண்ணாச்சி, பெரிய ஹீரோ படம், மூணு நாளு எங்கூர்ல டிக்கெட்டே கெடைக்கல. நாலாவது நாளு போனா ஏசிக்கு குளுருதது நாங்க நாலு பேருதான். போஸ்டர்ல மட்டும் 'மாபெரும் வெற்றி'ன்னு போடுதாவ. இதுல எது நெசம்? (வாசகர், வள்ளியூர்)

பதில்: மொத மூணு நாளு வாரவன் ரசிகன்வே. படம் எப்படி இருந்தாலும் வருவான், பால் ஊத்துவான், பாதி வசனம் காதுல விழாது, வெளிய வந்து மைக்க நீட்டுனா 'தெறி'ம்பான். அந்தக் கூட்டத்த வச்சி ஒண்ணும் சொல்ல முடியாது. திங்கக்கெழம சாயங்கால ஷோவுக்கு யாரு வாரான்னு பாக்கணும். முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பீடி சுத்துத அக்காமாரு கடைல பீடிய ஒப்படைக்கும்போது 'அந்தப் படம் பாத்தியாட்டீ, கடேசில அழுதுட்டேன்'னு ஒருத்தி சொல்லிட்டான்னா போதும், எந்த விளம்பரமும் அதுக்கு ஈடு கெடையாது, அடுத்த ஞாயித்துக்கெழம வேன் புடிச்சி வந்துருவாவ.

போஸ்டர்ல போடுத கோடிக்கு வாரேன். அது வரியோட சேத்த மொத்த வசூலு. அதுல ஜிஎஸ்டி போகணும், உள்ளாட்சி வரி போகணும், தியேட்டர்காரரு பங்கு போகணும், மிச்சம் நிக்கதுதான் ஷேரு. நம்ம திருநெல்வேலி பக்கத்த நாகர்கோயிலோட சேத்து சினிமாக்காரங்க டிகே ஏரியாம்பாங்க, அதாவது திருநெல்வேலி-கன்னியாகுமரி, இந்த ஏரியாவ ஒருத்தரு எம்ஜி போட்டு வாங்கிருப்பாரு, அதாவது ஓடுனாலும் ஓடாட்டியும் இவ்வளவு தாரேன்னு முன்னாடியே எண்ணி வச்சிருப்பாரு. ஊரெல்லாம் அம்பது கோடி நூறு கோடின்னு பேசும், இவரு ஷேரு எம்ஜியத் தொடாம கெடக்கும். 2002-ல 'பாபா'வுக்கு இப்படி அடி விழுந்தப்ப ரஜினியே வினியோகஸ்தர்களுக்கு பணத்த திருப்பிக் குடுத்தாரு. எல்லாரும் அப்படி குடுப்பாங்களா என்ன.

கேள்வி: மாமியா, புள்ளைங்கன்னு அஞ்சு பேரு தியேட்டருக்குப் போனா ஒரு சிலிண்டர் காசு போயிருது அண்ணாச்சி. நாலு வாரத்துல போன்லயே வந்துருதே, பெறவு எதுக்கு போகணும்? (வாசகி, அம்பாசமுத்திரம்)

பதில்: தாயி, தயாரிப்பாளருங்களே இதுக்குத்தான் முழிச்சிட்டு கெடக்காவ. ஓடிடிக்காரன் குடுக்க காசும் வேணும், தியேட்டர் கூட்டமும் வேணும். வடக்க பெரிய மல்டிபிளக்ஸ்காரங்க எட்டு வாரம் கழிச்சித்தான் ஓடிடின்னு புடிவாதமா நின்னதால 2023-ல 'லியோ' இந்தில அவங்க தியேட்டர்லயே வரல. இங்க அந்தப் புடிவாதத்துக்கு வழியில்ல.

ஆனா டிக்கெட்ட மட்டும் கொற சொல்லி என்ன செய்ய? பாப்கார்ன் டிக்கெட்ட விட ஜாஸ்தி, வண்டி நிறுத்த தனிக் காசு. படம் மூணு மணி நேரம்னா செகண்ட் ஷோ முடிய ஒரு மணிக்கு மேல ஆயிரும், அம்பைக்கு அந்நேரம் எந்த பஸ்ல போவீய? நீளத்த கொறைங்கய்யான்னு சொன்னா டைரக்டருக்கு கோவம் வருது, ரிலீசான பெறவு 'இந்தியன் 2'ல 12 நிமிசத்த வெட்டுனாங்க, அந்தக் கத்திரிய முன்னாடியே எடுத்திருக்கப்படாதா? சவுண்டும் அப்படித்தான். 'கங்குவா' வந்தப்ப ரெண்டு பாயின்ட் கொறச்சி வைங்கன்னு தயாரிப்பாளரே தியேட்டர்காரங்கள கேட்டாரு. காதப் பொத்திக்கிட்டு வந்த மாமியா மறுபடி வருவாவளா?

அதுக்காவ போகவே வேண்டாம்னு சொல்ல மாட்டேன். 2024-ல 'மஞ்சும்மல் பாய்ஸ்' மலையாளத்துலயே இங்க வாரக்கணக்குல ஓடுச்சி, நமக்குத் தெரிஞ்ச ஸ்டார் யாரு அதுல? அந்தப் பையன் குழிக்குள்ள விழுந்தப்ப மொத்த தியேட்டரும் மூச்ச புடிச்சிட்டு இருந்துது, கடேசில அந்த 'குணா' படத்துப் பழைய பாட்டு வந்ததும் கைதட்டுன தட்டு இருக்கே, போன்ல பாத்தா நடுவுல குக்கர் விசில்தான் வரும். இப்படி வாரப் படத்துக்கு மட்டும் போங்க. வெள்ளிக்கெழம விமர்சனத்த நம்பாதீய, செவ்வாக்கெழம பக்கத்து வீட்ல கேளுங்க, மேட்னிக்கு போங்க, பொழுதோட வீடு வந்து சேந்துரலாம்.

கேள்வி: 'கில்லி'ய டிவில நூறு தடவ பாத்தாச்சி, 2024-ல மறுபடி ரிலீஸ் பண்ணதுக்கு என்னத்துக்கு அவ்வளவு கூட்டம்? (கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை)

பதில்: 2004-ல நீரு கைக்கொழந்தயா இருந்திருப்பீரு. வசனம் மனப்பாடம், எங்க கத்தணும்னு எல்லாருக்கும் தெரியும், நல்லாருக்குமோ இருக்காதோங்க பயம் கெடையாது. புதுப்படத்துக்கு அந்த வசதி இல்ல.

கேள்வி: காலைல நாலு மணி ஷோ திரும்ப வருமா? (வாசகர், செங்கோட்டை)

பதில்: 2023 பொங்கலுக்கு பட ரிலீஸ் கொண்டாட்டத்துல சென்னைல ஒரு ரசிகரு லாரில இருந்து விழுந்து செத்தாரே, அதுக்கப்புறம் ஒம்பது மணிக்கு முன்னால ஷோவுக்கு அனுமதியில்ல. ஒங்க ஊருக்கு மலையத் தாண்டுனா கேரளாதானே, விடியக்காலை ஷோவுக்கு அங்க எப்படியும் போகத்தான் போறீரு. பைக்ல மூணு பேரு போகாதீங்க, தூக்கக் கலக்கத்துல ஆரியங்காவு வளைவுல வண்டிய ஓட்டாதீங்க.